க்ளீனர் ராஸ் விட்டால் ஒயிட் ஸ்பாட் போய்விடுமா?

உவர்நீர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு யோசனை வேண்டும்.

4 அடி ரீஃப் டேங்க், சம்ப்போடு (கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி) சேர்த்து 400 லிட்டர் வரும், ஓட ஆரம்பித்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. கொஞ்சம் மென்பவளம், இரண்டு ஹேமர் பவளம், ஒரு ஜோடி க்ளவுன் மீன், ராயல் கிராமா ஒன்று, குரோமிஸ் இரண்டு. இதுவரை நோய் நொடி எதுவும் இல்லை. போன வாரம் ஆசைப்பட்டு பவுடர் ப்ளூ டேங் என்ற மீன் ஒன்றை வாங்கி விட்டேன். வந்த கொஞ்ச நாளிலேயே துடுப்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது, இப்போது உடம்பு பூராவும் பரவிவிட்டது. நோரி (காய்ந்த கடற்பாசி) கட்டினால் ஓடி வந்து பிய்க்கிறது, ஆனால் நடுநடுவே பாறையில் போய் விலாவைத் தேய்த்துக்கொள்கிறது.

கடையில் கேட்டால், "மருந்தெல்லாம் எதுக்கு சார், ஒரு க்ளீனர் ராஸ் விடுங்க, புள்ளியை எல்லாம் பொறுக்கித் தின்னுடும்" என்கிறார். அங்கே ஒரு டேங்கில் அந்த மீன் இரண்டு இருந்தன. விரல் நீளம்தான். மூக்கில் தொடங்கும் கறுப்புக் கோடு போகப்போக அகலமாகி வால் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது, அதன் இரண்டு பக்கமும் பளிச்சென்ற நீலம். ஒன்று பெரிய ஏஞ்சல் மீனின் செவுளுக்குள்ளேயே தலையை விட்டுக் கொத்திக்கொண்டிருந்தது, ஏஞ்சலும் அசையாமல் நின்றது. இன்னொன்று ஒரு மூலையில் தனியாக இருந்தது, அதற்கு வாய் கொஞ்சம் கீழே இருந்த மாதிரி பட்டது, சரியாகத் தெரியவில்லை.

விலை அதிகம் இல்லை. கேள்வி இதுதான்: இது உண்மையிலேயே புள்ளியைத் தின்னுமா? என் டேங்கில் பிழைக்குமா? ஒன்று போதுமா, ஜோடியாக விட வேண்டுமா?

பழைய_சம்ப்

வாங்காதீர்கள் ப்ரோ. முதலில் டேங்கைக் காப்பாற்றும் வழியைப் பாருங்கள், ராஸ் கதையை அப்புறம் பேசலாம்.

நீங்கள் பார்க்கும் புள்ளி தோலின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சி இல்லை. கிரிப்டோகேரியான் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, மேல்தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. க்ளீனர் ராஸ் கடலில் பொறுக்குவது வேறு வகை, தோலின் வெளிப்புறத்தில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் நேத்தியிட் என்ற குட்டிக் குட்டி ஓட்டுடலிகள். அதை வாயால் பிடித்து இழுக்க முடியும். தோலுக்குள் இருப்பதை எப்படி இழுக்கும்?

அப்படியானால் கடைக்காரர் பொய் சொல்கிறாரா என்றால் அதுவும் இல்லை, அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். இந்த ஒட்டுண்ணி மீனின் மேல் 3 முதல் 7 நாள் வரைதான் இருக்கும், பிறகு தானாகவே கழன்று கீழே விழுந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொள்ளும். நீங்கள் திங்கட்கிழமை ராஸ் விடுகிறீர்கள், வெள்ளிக்கிழமை புள்ளி இல்லை, "ஆகா, தின்றுவிட்டது" என்று சந்தோஷப்படுகிறீர்கள். ராஸ் விடாவிட்டாலும் வெள்ளிக்கிழமை புள்ளி இருந்திருக்காது. அந்தக் கூடுகள் ஒவ்வொன்றும் வெடித்து நூற்றுக்கணக்கில் வெளியே வரும்போதுதான் சங்கதி தெரியும். இரண்டாவது அலையில்தான் முக்கால்வாசிப் பேரின் மீன்கள் போகின்றன.

செய்ய வேண்டியது: டேங் மட்டும் இல்லை, ஆறு மீனையும் பிடித்துத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். க்ளவுன் மேல் புள்ளி இல்லை என்று விட்டுவைத்தால் நோய் அதில் தொங்கிக்கொண்டிருக்கும். தனித் தொட்டியில் காப்பர் மருந்து. சாதாரண அயானிக் காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், டேங் வகை மீன்களுக்கு அதை ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்ற வேண்டும். செலேட்டட் காப்பர் என்றால் அளவு வேறு, புட்டியில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். மெயின் டேங்கில் காப்பர் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது, பவளமும் இறாலும் நத்தையும் காலி. மெயின் டேங்க் மீனே இல்லாமல் பத்துப் பதினோரு வாரம் சும்மா ஓடட்டும். கேட்கக் கஷ்டமாக இருக்கும், வேறு வழி இல்லை.

இன்னொன்று, 4 அடியில் பவுடர் ப்ளூ என்பதே எனக்கு ஒப்பாது. அந்த மீன் நாள் முழுக்க நீந்தும், இடம் போதாவிட்டால் சோர்ந்து முதலில் பிடிப்பது இந்த நோயைத்தான். அதைத் தனியாகப் பேசுவோம்.

திருமலைக்காரன்

நான் டேங்க் வைத்திருப்பவன் இல்லை. திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் ஆக்களைப் புறாத்தீவுக்குப் படகில் ஏற்றிக்கொண்டு போய் முருகைக்கல் (பவளப்பாறை) காட்டுகிற வேலை, சீசனில் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் இந்த மீனைப் பார்க்கிறேன். அதனால் அது கடலில் என்ன செய்கிறது என்று சொல்கிறேன், தொட்டியில் இருக்குமா இல்லையா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், அது அலைந்து திரிகிற மீன் இல்லை. ஒரு கல்லு, ஒரு மூலை, அதுதான் அதன் இடம். போன முறை பார்த்த அதே கல்லில் இந்த முறையும் நிற்கும். மற்ற மீன்கள்தான் அதைத் தேடி வருகின்றன. சும்மா மிதந்துகொண்டு கிட்டப் போகாமல் பார்த்தால் முழுவதும் வடிவாகத் தெரியும். கிளிமீன் ஒன்று வந்து தலையை மேலே தூக்கி, வாலைக் கீழே விட்டு, செங்குத்தாக நிற்கும். துடுப்பை எல்லாம் விரித்துவிடும். ராஸ் பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டி ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வரும், பக்கவாட்டிலிருந்து தொடங்கி வாலடி, துடுப்படி, கண்ணைச் சுற்றி என்று போகும். மஞ்சள் நவரைக் கூட்டம் வந்தால் இன்னும் நல்லாயிருக்கும், சுத்தம் செய்யக் கொடுக்கிற நேரத்தில் அவை சிவப்பாக மாறிவிடும், நிறம் மாறுவது கண் முன்னாலேயே நடக்கும்.

களவாய் வந்தால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும், இது உள்ளே போய்ச் செவுள் வழியாக வெளியே வரும். அந்தக் களவாய் நினைத்தால் ஒரு மிடறில் முடிந்துவிடும், ஆனால் விழுங்கி நான் கண்டதில்லை. வாயை மூடப்போகிற நேரம் முதலில் லேசாக ஒரு தரம் மூடித் திறக்கும், அது சமிக்ஞை, ராஸ் உடனே வெளியே வந்துவிடும்.

குஞ்சுகளும் வேலை செய்யும். அவை கறுப்பு, முதுகோரம் ஒரே ஒரு நீலக் கோடு, ஈர்க்குச்சி அளவுதான் இருக்கும், பலர் வேறு மீன் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒன்று போனால் அடுத்தது வந்து நிற்கும், வரிசை குறைவதே இல்லை. உங்கள் ஆறு மீனை அது எத்தனை முறைதான் துடைக்கும் தம்பி?

உவர்நீர்க்காரன்

நன்றி அண்ணா, நன்றி ப்ரோ. 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று மொட்டை மாடியில் சும்மா கிடக்கிறது, இன்றைக்கே கழுவி எடுக்கிறேன். ராஸ் இப்போது வாங்கவில்லை. ஆனால் நோய் எல்லாம் முடிந்த பிறகு, சும்மா அழகுக்காகவும் மற்ற மீன்களுக்கு நல்லது என்றும் ஒன்று வைக்கலாமா? யூடியூபில் நிறையப் பேர் வைத்திருக்கிறார்களே.

நோரி_கிளிப்

எல்லாரும் ஒரேயடியாக "செத்துவிடும்" என்று சொல்வதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒன்று சில வருடமாக இருக்கிறது, தடியாக, உருண்டையாக, நன்றாகவே இருக்கிறது. ஆனால் என் டேங்க் 8 அடி, உள்ளே இருபதுக்கு மேல் மீன், அதில் பாதி பெரிய டேங்குகளும் ஏஞ்சல்களும். அதோடு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தீவனம் விழுகிறது, ஆட்டோ ஃபீடர் இல்லாமல் இதெல்லாம் நடக்காது.

முக்கியமான விஷயம் அது உறைந்த தீவனம் சாப்பிடப் பழகியிருக்க வேண்டும். மைசிஸை (குட்டி இறால் மாதிரித் தீவனம்) நறுக்கிப் போட்டால் எடுக்கிறதா, மீன் முட்டை எடுக்கிறதா என்று கடையிலேயே உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். "வீட்டில் போய்ச் சாப்பிடும் சார்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வயிற்றைப் பக்கவாட்டில் பாருங்கள், தலைக்குப் பின்னால் உடம்பு உள்வாங்கி இருந்தால் அது ஏற்கெனவே பட்டினி. மெல்லிய மீன், உடம்பில் சேமிப்பே கிடையாது, நாலு நாள் சாப்பிடாவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது.

டேங்க் மூடி இல்லாமல் ராஸ் எதையும் வைக்காதீர்கள், தாண்டும். சின்னச் சந்து போதும் அதற்கு.

மண்டபம்_ரோடு

கடல் உயிரியல் படிப்பதால் ஆராய்ச்சிப் பக்கத்தைக் கொஞ்சம் சேர்க்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். லாப்ராய்டிஸ் டிமிடியேட்டஸ், அதாவது இந்த க்ளீனர் ராஸ், பவளப்பாறை மீன்களிலேயே மிக அதிகமாக ஆராயப்பட்ட மீன்களில் ஒன்று. செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் நடுவில் உள்ள தீவுகள் வரை பரவி இருக்கிறது, நம் மன்னார் வளைகுடாவிலும் இலங்கையிலும் உண்டு.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் லிசார்ட் தீவு என்று ஒரு ஆராய்ச்சி இடம். அங்கே அலெக்சாண்ட்ரா கிரட்டர் என்ற ஆய்வாளர் 1990களில் எண்ணிப் பார்த்தார்: ஒரு ராஸ் ஒரு நாளைக்கு 1,200 அளவில் ஒட்டுண்ணிகளைத் தின்கிறது, அதற்காக 2,000-க்கும் அதிகமான முறை மீன்களைச் சோதிக்கிறது. திருமலை அண்ணன் சொன்ன வரிசைக்கு இதுதான் கணக்கு. பிறகு அதே இடத்தில் சில சின்னப் பாறைகளில் இந்த மீன்களை மட்டும் அகற்றி, மறுபடி வந்து சேர்ந்தவற்றையும் அவ்வப்போது எடுத்துக்கொண்டே எட்டரை வருடம் பார்த்தார்கள். 2011-ல் வெளியான முடிவுப்படி, ராஸ் இல்லாத பாறைகளில் மீன்களின் எண்ணிக்கை 37 சதவீதம் குறைவு, வகைகள் 23 சதவீதம் குறைவு. விரல் நீள மீன் ஒன்றை எடுத்ததற்கு இவ்வளவு. அதனால் யார் வாங்கினாலும் அந்த மீன் எந்தக் கல்லிலிருந்து வந்தது என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி எதையும் பிடிக்கவே கூடாது, 1986-லிருந்தே பாதுகாக்கப்பட்ட பகுதி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த மீனுக்கு உண்மையில் பிடித்தது ஒட்டுண்ணி இல்லை, மீன் உடம்பின் மேலுள்ள சளிப்படலம். கிரட்டரும் ரெடுவான் ப்ஷாரி என்ற இன்னொரு ஆய்வாளரும் தட்டில் இரண்டையும் வைத்துச் சோதித்தபோது சளியைத்தான் எடுத்தது. அதாவது ஒவ்வொரு வாடிக்கையாளர் மீனிடமும் அது ஏமாற்றும் ஆசையோடுதான் வருகிறது. ஒரு கடி சளி எடுத்தால் அந்த மீன் சட்டென்று உதறும், துரத்தும் அல்லது போய்விடும். கடலில் அதை நேர்மையாக வைத்திருப்பது இந்தப் பயம்தான். ஊரில் ஒரே ஒரு மளிகைக்கடை என்றால் கடைக்காரர் உள்ளூர்க்காரரைக் காக்க வைத்துவிட்டு, பக்கத்து ஊர்க் கடைக்கும் போகக்கூடியவரை முதலில் கவனிப்பார் இல்லையா, இதுவும் அப்படியே. தூரம் போகக்கூடிய பெரிய மீன் வந்தால் அதற்கு முதல் கவனிப்பு, அந்தக் கல்லை விட்டு நகராத டாம்சல் என்ற சின்ன மீன்கள் காத்திருக்க வேண்டும். அடுத்த மீன் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாற்றுவதைக் குறைத்துக்கொள்கிறது, இது 2006-ல் நேச்சர் இதழில் வந்தது. கோபமாக இருக்கும் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த முதுகில் ஏறித் துடுப்பால் தடவிக் கொடுக்கும்.

உங்கள் டேங்கில் என்ன நடக்கும்? ஒட்டுண்ணி இரண்டு நாளில் தீர்ந்துவிடும், இருக்கவே இருக்காது என்றும் சொல்லலாம். மிச்சம் இருப்பது சளிதான். கடிபட்ட மீன் போய்விட வேறு இடமும் இல்லை. அதனால் நாள் முழுக்க அதே க்ளவுனை, அதே டேங்கைக் கொத்திக்கொண்டே இருக்கும். "ராஸ் என் டேங்கைத் துரத்துகிறது" என்று இங்கே அடிக்கடி பதிவு வருவதற்குக் காரணம் இதுதான், அந்த மீன் கெட்ட மீன் என்பதால் இல்லை. நோரி_கிளிப்பின் 8 அடி டேங்கில் சரியாக இருப்பதும் இதனால்தான், அங்கே மீனும் அதிகம், தீவனமும் அதிகம்.

லிசார்ட் தீவிலேயே 2014, 2015 புயல்களும் 2016 வெப்பத்தில் பவளம் வெளுத்ததும் சேர்ந்து மீன் கூட்டத்தைக் குறைத்துவிட்டன. அதன் பிறகு பிடித்துச் சோதித்த ராஸ்களிடம் பழைய சாமர்த்தியம் இல்லை, யாரை முதலில் கவனிப்பது என்பதிலேயே தடுமாறின. கூட்டம் இருந்தால்தான் அதற்கு அந்தப் புத்தி வேலை செய்கிறது போலும். இது என் ஊகம்.

ஜோடி பற்றி: எல்லாம் பெண்ணாகத்தான் தொடங்கும். ஒரு ஆண், அதன் கீழ் பல பெண்கள் என்று குடும்பம். ஆண் போய்விட்டால் பெண்களில் பெரியது ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ஆண் மாதிரி அதட்ட ஆரம்பிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் முழு ஆணாகிவிடும். கிரேட் பேரியர் ரீஃபின் ஹெரான் தீவில் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் பார்த்து 1972-ல் எழுதியது. ஆகவே சின்னதாக இரண்டு விட்டால் தானே ஜோடியாகும், ஆனால் உங்கள் ஆறு மீனுக்கு இரண்டு ராஸ் என்பது அந்த மீன்களுக்குக் கொடுமை. பெரிதாக இரண்டு விட்டால் சண்டைக்கும் வாய்ப்பு உண்டு.

பழைய_சம்ப்

ஒரு இடைச்செருகல். உவர்நீர்க்காரன், உங்கள் டேங் பாறையில் தேய்த்துக்கொள்வதைச் சொன்னீர்களே. ஜப்பானில், ஒசாகாவில், இந்த ராஸின் தொண்டைக்குக் கீழே ஒட்டுண்ணி மாதிரி ஒரு பழுப்புப் புள்ளி வைத்துக் கண்ணாடி முன் விட்டார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு அது தன் தொண்டையை மணலில் தேய்த்தது. 2019-ல் வந்தபோது பெரிய சண்டையே நடந்தது, மீனுக்குத் தன்னைத் தெரியுமா என்று. மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும்போது எனக்கு அது ஞாபகம் வந்து தொலைக்கும்.

சுத்தம் செய்யும் உயிர் ஒன்று வேண்டும் என்று ஆசையாக இருந்தால் பண்ணையில் வளர்த்த நியான் கோபி மீன் கிடைக்கிறதா பாருங்கள், அது சாதாரணத் தீவனத்தில் நன்றாக இருக்கும். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட க்ளீனர் இறாலும் பரவாயில்லை. இரண்டும் ஒயிட் ஸ்பாட்டுக்கு மருந்து இல்லை, மறுபடி சொல்கிறேன்.

உவர்நீர்க்காரன்

இவ்வளவு எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. ராஸ் ஆசை போய்விட்டது. ஆறு மீனும் மாடித் தொட்டிக்கு வந்தாயிற்று, குரோமிஸைப் பிடிக்கப் பாதிப் பாறையை வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், நாலு பிவிசி குழாய்த் துண்டு, அவ்வளவுதான் உள்ளே. காப்பர் இன்று 0.08-ல் நிற்கிறது.

அந்தக் கடைப் பக்கம் நேற்றுப் போனேன், மூலையில் இருந்த இரண்டாவது மீனை கிட்டப் பார்த்தேன். மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, வாய் அதற்குக் கீழே, சுறாவுக்கு இருப்பது போல. முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்தே நீளமாக ஓடுகிறது. பக்கத்தில் இருந்த வண்ணத்துப்பூச்சி மீனின் வால் ஓரம் கிழிந்திருந்தது. இது என்ன?

மண்டபம்_ரோடு

அது ராஸே இல்லை. ஆஸ்பிடோன்டஸ் டீனியேட்டஸ், பிளென்னி குடும்பம். ராஸின் நிறம், கோடு, அளவு, அந்த ஆட்டம் எல்லாவற்றையும் அப்படியே போட்டுக்கொண்டு திரியும். உண்மையான ராஸுக்கு வாய் மூக்கின் நுனியில் இருக்கும், இதற்கு அடியில். கீழ்த்தாடையில் நீளமாக இரண்டு கோரைப்பல். மீன் ஏமாந்து நின்றால் துடுப்பில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போய்விடும். கடலில் இதன் முக்கியச் சாப்பாடு மற்ற மீன்களின் முட்டைகளும் குழாய்ப்புழுக்களும்தான், துடுப்புக் கடிப்பது பெரும்பாலும் சின்ன வயதில். கடை டேங்கில் முட்டையும் இல்லை புழுவும் இல்லை, அதனால் அந்த வால்தான் கிடைத்திருக்கிறது. கடைக்காரரிடம் சொல்லித் தனியாக மாற்றச் சொல்லுங்கள், அவருக்கே தெரிந்திருக்காது.

திருமலைக்காரன்

இங்கேயும் உண்டு. வயதான மீன்கள் கெதியாக அடையாளம் பிடித்துவிடும், சின்னதுகள்தான் ஏமாறும்.

பழைய_சம்ப்

0.08 சரி, நாளைக்கும் மறுநாளும் ஏற்றி 0.15-க்குக் கொண்டு வாருங்கள். டெஸ்ட் கிட் உங்கள் காப்பர் வகையைப் படிக்குமா என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள், சில கிட்கள் செலேட்டட்டைக் காட்டவே காட்டாது. 60 லிட்டரில் ஆறு மீன் என்றால் அமோனியா ஏறும், தினமும் பாருங்கள். ஏறினால் தண்ணீர் மாற்றுங்கள், அமோனியாவைக் கட்டுப்படுத்தும் கண்டிஷனரைக் காப்பரோடு சேர்த்து ஊற்றாதீர்கள், சில காப்பர் வகைகள் அதோடு சேர்ந்தால் விஷமாகிவிடும். மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அளவு இறங்கிவிடும். மெயின் டேங்கிலிருந்து லைவ் ராக் பாறை ஒரு துண்டுகூட எடுத்துப் போடாதீர்கள், காப்பரை அது உறிஞ்சிக்கொள்ளும். டேங் நோரி எடுக்கிறதா?

உவர்நீர்க்காரன்

எடுக்கிறது. காலையில் ஒரு ஷீட்டில் பாதி காலி.